குடும்பக் காரின் கூரைமேல் ஒரு கேள்வி

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்தைய இரவுகளில் சென்னையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் ஒரு காட்சி தவறாமல் தென்படும். பரனூர் சுங்கச்சாவடியில் வரிசைகட்டி நிற்கும் கார்களில் பலவற்றின் கூரைமேல் பெட்டிகள், அரிசி மூட்டைகள், குழந்தைகளின் மிதிவண்டிகள், தார்ப்பாய் போர்த்தி நைலான் கயிற்றால் இறுக்கப்பட்ட பொதிகள். விடுமுறை முடிந்து எல்லோரும் திரும்பிய பிறகும் ஒரு பொருள் மட்டும் கூரையைவிட்டு இறங்குவதில்லை. அதுதான் கேரியர். அடுத்த பண்டிகை வரை அது வெறுங்கூடாகவே அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் காய்கறிச் சந்தைக்கும் காரோடு போய்வருகிறது.

குடும்பத்துக்கென வாங்கும் எஸ்யூவிக்குக் கேரியர் தேவையா என்பது மேலோட்டமாகப் பார்த்தால் துணைப்பொருள் கடையில் பேசித் தீர்க்கவேண்டிய சின்ன விஷயம். ஆனால் அதற்குள் எரிபொருள் செலவும், மலைப்பாதையில் குடும்பத்தின் உயிர்ப் பாதுகாப்பும், மோட்டார் வாகனச் சட்டமும், கார்களின் நீளத்தை நிர்ணயிக்கும் வரிக்கொள்கையும் பின்னிக்கிடக்கின்றன. இந்திய வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாம் வெளியிட்ட கணக்கின்படி, 2024-25 நிதியாண்டில் நாட்டில் விற்பனையான பயணிகள் வாகனங்கள் ஏறத்தாழ 43 இலட்சம். அவற்றில் எஸ்யூவிகளையும் பல்பயன் வாகனங்களையும் உள்ளடக்கிய பிரிவின் பங்கு ஏறக்குறைய 65 விழுக்காடு. இத்தனை இலட்சம் குடும்பங்கள் ஆண்டுதோறும் எதிர்கொள்ளும் கேள்வி என்பதால், இதற்கான விடை பொதுநலன் சார்ந்ததும் ஆகிறது.

இருக்கை உண்டு, இடம் இல்லை

முதலில், கேரியர் மாட்டுபவர்களைக் குறைசொல்வதற்கு முன், அவர்கள் ஏன் மாட்டுகிறார்கள் என்று பார்க்கவேண்டும். விடை காரின் பின்கதவைத் திறந்தால் தெரிந்துவிடும்.

ஏழு பேர் அமரக்கூடிய ரெனோ டிரைபர் காரில் மூன்று வரிசை இருக்கைகளும் விரிந்திருக்கும்போது பின்புறம் எஞ்சும் இடம் 84 லிட்டர். மாருதி எர்டிகாவில் 209 லிட்டர். 2021இல் அறிமுகமான ஹூண்டாய் அல்கசாரில் 180 லிட்டர். இவை நிறுவனங்களே வெளியிட்டிருக்கும் எண்கள். விமானத்துக்குள் கையோடு எடுத்துச் செல்லும் சிறிய பெட்டியின் கொள்ளளவு சுமார் 40 லிட்டர். ஏழு பேரும் ஆளுக்கு ஒரு சிறிய பெட்டி மட்டுமே எடுத்துவந்தாலும் 280 லிட்டர் வேண்டும். குடும்பமாகச் செல்லும்போது எடுத்துப்போகும் பெரிய பெட்டி ஒன்றே 90 முதல் 100 லிட்டர் வரை இருக்கும். ஆகவே, ஏழு பேருக்கு என்று விற்கப்படும் வாகனத்தில் ஏழு பேர் ஏறிவிட்டால், அவர்களின் உடைமைகளுக்குப் போக்கிடம் இல்லை. ஏழு பேரா, ஏழு பேரின் பெட்டிகளா என்று தேர்ந்தெடுக்கவேண்டிய நிலையில், பெட்டிகள் கூரைக்கு ஏறுகின்றன.

இந்த நெருக்கடி தற்செயலானது அல்ல. 2006-07 மத்திய நிதிநிலை அறிக்கையில், நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும், 1,200 சிசிக்கு மிகாத பெட்ரோல் எஞ்சினும் அல்லது 1,500 சிசிக்கு மிகாத டீசல் எஞ்சினும் கொண்ட கார்களுக்கு உற்பத்தி வரி 24 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. சரக்கு மற்றும் சேவை வரி வந்த பிறகும் இந்த நான்கு மீட்டர் கோடு அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றத்தின்படி, கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் கார்களுக்கு 18 விழுக்காடு. அந்தப் பக்கம் இருக்கும் பெரிய கார்களுக்கு 40 விழுக்காடு. சில மில்லிமீட்டர் நீளம் கூடினால் வரி இரண்டு மடங்குக்கும் மேலாகிறது.

வரி நீளத்தை அளக்கிறது, உயரத்தை அளப்பதில்லை. எனவே உற்பத்தியாளர்கள் காரை நீட்டாமல் உயர்த்தினார்கள். டிரைபரின் நீளம் 3,990 மில்லிமீட்டர். அதற்குள் எஞ்சின், மூன்று வரிசை இருக்கைகள், மோதலைத் தாங்கும் முன்பகுதி எல்லாம் அடங்கவேண்டும். கடைசியில் பலியாவது பின்புறச் சுமையறைதான். சிறிய கார்களை மலிவாக்கிய வரிச்சலுகையின் நன்மையை மறுப்பதற்கில்லை. நடுத்தரக் குடும்பங்களுக்குக் கார் எட்டும் பொருளானதில் அதற்குப் பெரும் பங்குண்டு. ஆனால் அதன் பக்கவிளைவாக, காருக்குள் இருக்கவேண்டிய இடம் காரின் தலைக்குப் போயிற்று என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

அம்பாசடர் காலத்து நினைவு

கூரைக் கேரியர் நமக்குப் புதியதல்ல. 1950களின் இறுதியில் தொடங்கி 2014 மே மாதம் உத்தரபாரா ஆலையில் உற்பத்தி நிற்கும்வரை ஓடிய அம்பாசடர் காரைக் கேரியர் இல்லாமல் நினைத்துப்பார்ப்பது வாடகைக் கார் யுகத்தைக் கண்டவர்களுக்குக் கடினம். அந்தக் காரின் கூரை ஓரம் முழுவதும் மழைநீர் வடிவதற்கான வாய்க்கால் போன்ற விளிம்பு உண்டு. கேரியரின் கால்கள் அந்த விளிம்பைக் கவ்விப்பிடித்துக்கொள்ளும். துளையிடவேண்டியதில்லை, பற்றவைக்கவேண்டியதில்லை. வண்டியும் பெரும்பாலும் மணிக்கு 50, 60 கிலோமீட்டரைத் தாண்டாது.

இன்றைய கார்களில் அந்த விளிம்பு இல்லை. கூரை வழுவழுப்பாக, காற்று வழுக்கிச் செல்லும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு மாற்றாகக் கூரையின் இரு ஓரங்களிலும் நீளவாக்கில் ரூஃப் ரெயில் எனப்படும் தண்டுகள் பொருத்தப்படுகின்றன. வாங்குபவர் அங்கேதான் ஏமாந்துவிட வாய்ப்பிருக்கிறது. எல்லா ரூஃப் ரெயில்களும் சுமை தாங்குவதற்கானவை அல்ல. காருக்கு மிடுக்கான தோற்றம் தருவதற்காக மட்டுமே ஒட்டப்பட்டவையும் அவற்றில் உண்டு. டிரைபரில் இருப்பவை சுமைதாங்கும் வகை. அவற்றுக்கு ரெனோ தரும் வரம்பு 50 கிலோ. பொதுவாகக் குடும்பக் கார்களில் இந்த வரம்பு 50 முதல் 100 கிலோவுக்குள் அமையும். அலங்காரத் தண்டுகள் கொண்ட கார்களின் கையேட்டில் சுமை ஏற்றவே கூடாது என்று எழுதியிருக்கும். கையேட்டின் அந்தப் பக்கத்தைப் புரட்டுபவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.

இந்த வரம்பிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கேரியரின் சொந்த எடையும் வரம்புக்குள் அடங்கவேண்டும். கடைகளில் கிடைக்கும் முழுநீள இரும்புக் கேரியர்கள் 15 முதல் 25 கிலோ வரை எடை கொண்டவை. 50 கிலோ வரம்புள்ள காரில் 20 கிலோ கேரியரை மாட்டினால், மீதம் 30 கிலோதான் ஏற்றலாம். அது நன்றாக நிரப்பிய ஒரு பெரிய பெட்டி. அல்லது ஒரு சிப்பம் அரிசியும் ஒரு சின்னப் பையும். நான்கு பெட்டியும் இரண்டு மூட்டையும் ஏற்றிச் செல்லும் கார், தன் வரம்பைப்போல மூன்று நான்கு மடங்கைச் சுமக்கிறது என்று பொருள். கார் நிற்கும்போது கூரை அதிக எடையைத் தாங்கக்கூடும். கூரைமேல் கூடாரம் அமைப்பவர்கள் அதனால்தான் அதன்மேல் படுத்துறங்க முடிகிறது. கையேடு சொல்லும் வரம்போ ஓடும்போது, வளையும்போது, பள்ளத்தில் இறங்கும்போது தாங்கவேண்டிய சுமைக்கானது.

கொண்டை ஊசி வளைவில் நான்கு சென்டிமீட்டர்

இந்த வரம்பை நிர்ணயிப்பது தகட்டின் வலிமை மட்டும் அல்ல. கார் கவிழாமல் இருப்பதும் அதில் அடங்கியிருக்கிறது. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் 2001 மாதிரிகள் முதல் கார்களின் கவிழும் வாய்ப்பை மதிப்பிட்டு வெளியிட்டுவருகிறது. அதற்கு அடிப்படையான அளவுகோல் எளிமையானது. இரு சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதியை, காரின் ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுக்கவேண்டும். விடை பெரிதாக இருந்தால் கார் எளிதில் கவிழாது. அந்நிறுவனத்தின் கணக்கில் சாதாரணக் கார்கள் 1.30 முதல் 1.50 வரையிலும், எஸ்யூவிகள் 1.00 முதல் 1.30 வரையிலும் இருக்கும். உயரமான வண்டி பாதுகாப்பானது என்ற பொதுவான நம்பிக்கைக்கு இது நேர்மாறானது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஆட்களோடு சேர்த்து 2,000 கிலோ எடையுள்ள ஓர் எஸ்யூவி. சக்கர இடைவெளி 155 சென்டிமீட்டர். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்தில் என்று கொள்வோம். அளவுகோலில் அதன் மதிப்பு 1.11. தரையிலிருந்து 190 சென்டிமீட்டர் உயரத்தில், கூரைமேல் 75 கிலோவை ஏற்றினால் ஈர்ப்பு மையம் 4 சென்டிமீட்டருக்குச் சற்று மேலாக உயர்கிறது. மதிப்பு 1.04 ஆகக் குறைகிறது. அனுமதிக்கப்பட்ட அளவுச் சுமையிலேயே இந்த நிலை என்றால், இருமடங்கு ஏற்றும்போது என்னவாகும் என்பதை ஊகிக்கலாம்.

சமதளத்தில் நேராகச் செல்லும்போது இந்த 4 சென்டிமீட்டரை யாரும் உணரப்போவதில்லை. ஆனால் நம் விடுமுறைப் பயணங்கள் எங்கே போகின்றன? 40 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட வால்பாறைக்கு, 70 வளைவுகள் கொண்ட கொல்லிமலைக்கு, உதகைக்கும் கொடைக்கானலுக்கும். உயர் நீதிமன்ற ஆணையின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமாக்கப்படும் அளவுக்கு அங்கே கார்கள் குவிகின்றன. ஆண்டு முழுவதும் சமவெளியில் ஓடும் கார், தன் கூரையில் மிக அதிகச் சுமையை ஏற்றிக்கொண்டு போவது பெரும்பாலும் மிகக் கடினமான மலைப்பாதைக்குத்தான்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். இந்தியாவுக்கென 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்ற கார் என்று தேடி வாங்குகிறோம். அந்தச் சோதனையில் காரின் கூரைமேல் எதுவும் இருப்பதில்லை. நட்சத்திரங்கள் ஆலையிலிருந்து வந்த காருக்கு வழங்கப்பட்டவை. கூரையில் மூட்டை ஏற்றிய காருக்கு அல்ல.

கயிறு அவிழ்ந்தால் ஆபத்து நம்மோடு நிற்பதில்லை. மோதலின்போது ஒரு பொருளின்மேல் அதன் எடையைப்போல இருபது மடங்கு விசை செயல்படுவது இயல்பு. 30 கிலோ பெட்டி அந்தக் கணத்தில் 600 கிலோவாக முன்னால் பாய முற்படும். அதைப் பிடித்திருப்பது பழைய நைலான் கயிறு. பின்னால் வருபவர் இருசக்கர வாகனத்தில் ஒரு குழந்தையோடு வரும் தந்தையாக இருக்கலாம். கேரியர் குறித்த முடிவு குடும்பத்தின் தனிப்பட்ட விருப்பம் மட்டும் அல்ல என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

வெறுங்கேரியரின் வாடகை

பாதுகாப்பு பண்டிகை நாட்களின் கவலை. எரிபொருளோ அன்றாடக் கவலை. காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 50 கிலோமீட்டரில் இருக்கும் எதிர்ப்பு, 100 கிலோமீட்டரில் நான்கு மடங்காகிறது. வழுவழுப்பான கூரையின்மேல் குறுக்குக் கம்பிகளும் கூடையும் நின்றால், காற்று அவற்றில் மோதிச் சிதறுகிறது. காருக்குள் கேட்கும் ஓயாத ஊளைச்சத்தம் வீணாகும் எரிபொருளின் குரல்தான்.

அமெரிக்க எரிசக்தித் துறை தரும் கணக்கின்படி, கூரைமேல் பெரிய சுமைப்பெட்டி பொருத்திய காரின் மைலேஜ் நகரத்தில் 2 முதல் 8 விழுக்காடும், நெடுஞ்சாலையில் 6 முதல் 17 விழுக்காடும், மணிக்கு 105 முதல் 120 கிலோமீட்டர் வேகத்தில் 10 முதல் 25 விழுக்காடும் குறைகிறது. அதே சுமையைக் காரின் பின்புறம் பொருத்தினால் இழப்பு நகரத்தில் 1 முதல் 2 விழுக்காடு, நெடுஞ்சாலையில் 1 முதல் 5 விழுக்காடுதான். சுமையின் எடையைவிட அது காற்றின் எந்தப் பாதையில் நிற்கிறது என்பதே செலவைத் தீர்மானிக்கிறது.

லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்த ஆலன் மெய்யர், யூச்சே சென்னுடன் இணைந்து 2016இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. அமெரிக்காவில் கூரைக் கேரியர்களால் மட்டும் ஆண்டுக்கு 10 கோடி காலன், அதாவது சுமார் 38 கோடி லிட்டர் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகிறது என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். நாட்டின் மொத்தப் பயன்பாட்டில் இது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான். ஆனால் அந்த ஆய்வின் முடிவு ஒன்று நமக்கு நேரடியாகப் பொருந்தும். கேரியரின் வடிவத்தை மேம்படுத்துவதைவிட, எதையும் ஏற்றாமல் வெறுங்கேரியரோடு ஓட்டும் பழக்கத்தைக் குறைப்பதே நாட்டுக்கு அதிக எரிபொருளை மிச்சப்படுத்தும் என்பதே அது. ஏற்றிய சுமைக்குச் செலவாகும் எரிபொருளுக்கு ஒரு பயன் உண்டு. வெறுங்கேரியருக்குச் செலவாவதற்கு எந்தப் பயனும் இல்லை.

நம் கணக்குக்கு வருவோம். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடும் ஒரு குடும்பக் கார் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் தருகிறது என்றால், ஓராண்டுக்குச் சுமார் 860 லிட்டர் பெட்ரோல் வேண்டும். வெறுங்கேரியரால் ஐந்து விழுக்காடு கூடுதல் செலவு என்று கொண்டால், 43 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் எனக் கொண்டால் 4,300 ரூபாய். பண்டிகைக்கு நான்கு நாள் பயன்படும் கேரியருக்கு மற்ற 361 நாட்களும் நாம் கொடுக்கும் வாடகை இது. காரின் விளம்பரத்தில் குறிப்பிடப்படும் மைலேஜ் கேரியர் இல்லாத காருக்கு, சோதனைக்கூடத்தில் கிடைத்தது என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

மின்சாரக் கார்களுக்கு இது இன்னும் கூர்மையான சிக்கல். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதியை மின்சாரக் கார் மீண்டும் பேட்டரிக்குத் திருப்பிக்கொள்ளும். காற்றோடு போராடி இழந்த ஆற்றலை எந்தக் காராலும் மீட்க முடியாது. அடுத்த சார்ஜிங் நிலையம் எங்கே என்று கணக்குப் பார்த்துச் செல்லும் நெடுஞ்சாலைப் பயணத்தில், கூரைமேல் இருக்கும் கூடை பேட்டரியின் ஒரு பகுதியைத் தின்றுவிடும்.

சட்டத்தின் மௌனம்

கேரியர் மாட்டுவது சட்டப்படி சரியா என்று கேட்டால், தெளிவான விடை எளிதில் கிடைக்காது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளரின் மூல வடிவமைப்பிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு திருத்தத்தில் மாற்றியமைக்கப்பட்ட 182ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க வழிசெய்கிறது. கார்களின் முன்னால் பொருத்தப்படும் இரும்புத் தடுப்புகள் இந்த 52ஆவது பிரிவுக்கு எதிரானவை என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது.

52ஆவது பிரிவில் கேரியர் என்ற சொல் இல்லை. வாகனத்தின் அடிப்படைத் தன்மையை மாற்றும் கட்டமைப்பு மாற்றமே 'மாற்றம்' என்று அந்தப் பிரிவின் விளக்கம் கூறுகிறது. உற்பத்தியாளர் தந்த ரூஃப் ரெயிலில் திருகி மாட்டி, வேண்டாதபோது கழற்றக்கூடிய கேரியர் இந்த வரையறைக்குள் வராது என்று வாதிடலாம். கூரையைத் துளைத்தோ பற்றவைத்தோ பொருத்தியதற்கு அதே வாதம் செல்லுமா என்பது ஐயமே. இந்த இடைவெளியில் குடும்பத்தின் பயணம் சோதனைச் சாவடியில் நிற்கும் அதிகாரியின் புரிதலைச் சார்ந்ததாகிவிடுகிறது. சுமை வாகனத்தின் பக்கவாட்டிலோ முன்பின்னோ நீட்டிக்கொண்டிருந்தாலோ உயர வரம்பைத் தாண்டினாலோ 20,000 ரூபாய் அபராதம் என்று 194ஆவது பிரிவு சொல்வது தனி.

காப்பீட்டையும் மறக்கலாகாது. ஆலையிலிருந்து வராத துணைப்பொருட்களைப் பாலிசியில் தனியாகக் குறிப்பிட்டு, அதற்குரிய பிரீமியம் செலுத்தினால்தான் அவற்றுக்கு இழப்பீடு கோர முடியும். வரம்பை மீறிய சுமையோடு விபத்து நேர்ந்தால், இழப்பீட்டுக் கோரிக்கை கேள்விக்குள்ளாகவும் கூடும்.

கேரியருக்கு ஒரு நியாயம்

இவ்வளவையும் சொன்ன பிறகு, கேரியரே வேண்டாம் என்று முடித்துவிடுவது நேர்மையாகாது. அதற்கு இரண்டு வலுவான நியாயங்கள் உண்டு.

முதலாவது, மாற்றுவழி இன்னும் ஆபத்தாக இருக்கலாம். கேரியர் இல்லாத காரில் பெட்டிகள் எங்கே போகின்றன? மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கும் குழந்தையின் தலைக்குப் பின்னால், கண்ணாடியை மறைக்கும்படி அடுக்கப்படுகின்றன. ஓட்டுநருக்குப் பின்னால் வருவது தெரியாது. திடீரென்று பிரேக் பிடித்தால் இருக்கைக்கு மேலிருக்கும் பெட்டி முன்னால் பாயும். மடியிலும் காலடியிலும் பைகளைத் திணித்துக்கொண்டு சீட் பெல்ட் அணியாமல் உட்காரும் பெரியவர்களைப் பார்க்கிறோம். அந்த நிலையில், வரம்புக்குள் இருக்கும் எடை குறைந்த பொருட்களை மட்டும் கூரைக்கு அனுப்புவது உள்ளே இருப்பவர்களுக்குப் பாதுகாப்பு.

இரண்டாவது, பெரிய காருக்கு மாற்று கேரியர்தான். ஆண்டில் பத்து நாள் சுமைக்காகப் பல இலட்சம் கூடுதலாகச் செலவழித்துப் பெரிய காரை வாங்கி, மற்ற 355 நாட்களும் அந்தப் பெருத்த உடலை நகரத்தின் சந்துகளில் இழுத்துக்கொண்டு திரிவதைவிட, அளவான காரை வாங்கி, தேவைப்படும் நாட்களில் மட்டும் கேரியரை மாட்டிக்கொள்வது சிக்கனம். அது சாலைக்கும் நல்லது. குடும்ப வரவுசெலவுக்கும் நல்லது. ஆனால் இந்த நியாயத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: வேலை முடிந்ததும் கேரியரைக் கழற்றவேண்டும். கழற்றாத கேரியர் பெரிய காரின் குறைகளைச் சிறிய காருக்குக் கொண்டுவருகிறதே தவிர, பெரிய காரின் வசதியைக் கொண்டுவருவதில்லை.

எனவே, குடும்ப எஸ்யூவிக்குக் கேரியர் தேவையா என்ற கேள்விக்கு விடை இதுதான். நான்கு பேர் கொண்ட குடும்பம் ஐந்து இருக்கை எஸ்யூவி வைத்திருந்தால் பெரும்பாலும் தேவையில்லை. கிரெட்டா போன்ற காரில் உள்ள 433 லிட்டர் இடம் நான்கு பேரின் ஒருவாரப் பயணத்துக்குப் போதும். ஆறு, ஏழு பேர் அடிக்கடி வெளியூர் செல்லும் குடும்பத்துக்குத் தேவைப்படலாம். அப்போதும் சுமைதாங்கும் ரூஃப் ரெயிலில் மாட்டிக் கழற்றக்கூடிய, எடை குறைந்த வகையே பொருத்தம். கனமானவற்றைக் காருக்குள் தரையோடு ஒட்டி வைத்து, படுக்கை விரிப்பு, துணிப்பை போன்ற இலேசானவற்றை மட்டும் கூரைக்கு அனுப்பவேண்டும். கயிற்றுக்குப் பதில் பட்டைகளால் முன்பின்னாகவும் குறுக்காகவும் கட்டி, புறப்பட்ட சில கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி இறுக்கத்தைச் சரிபார்க்கவேண்டும். அரிசி மூட்டையையும் பாத்திரப் பண்டங்களையும் பார்சல் சேவையில் அனுப்பிவிடுவது பெரும்பாலும் மலிவானது. ஏற்கெனவே 1,857 மில்லிமீட்டர் உயரமுள்ள ஸ்கார்ப்பியோ-என் போன்ற வண்டிக்குமேல் சுமை ஏறும்போது, அடுக்குமாடியின் அடித்தள வாகன நிறுத்தத்தையும் தாழ்வான சுரங்கப்பாதையையும் ஓட்டுநர் நினைவில் வைத்திருப்பதும் அவசியம். அகன்ற சன்ரூஃபுக்குக் கூடுதல் பணம் கொடுத்துவிட்டு, அதன்மேல் இரும்புக் கூடையை மாட்டி வானத்தை மறைப்பவர்கள், இரண்டில் எது தேவை என்பதை வாங்கும்போதே முடிவுசெய்துவிடலாம்.

யார் செய்யவேண்டியது?

குடும்பங்களின் விவேகத்தால் மட்டும் இது தீராது. சக்கரத்தில் எவ்வளவு காற்று நிரப்பவேண்டும் என்று ஓட்டுநர் கதவோரத்தில் ஒரு வில்லை ஒட்டப்பட்டிருக்கிறது. அதே இடத்தில் கூரை எத்தனை கிலோ தாங்கும் என்பதையும் எழுத என்ன தடை? அலங்காரத் தண்டு என்றால் பூஜ்யம் என்று எழுதட்டும். ஏழு இருக்கைக் கார் என்று விளம்பரம் செய்யும்போது, இருக்கைகளை மடித்தபிறகு கிடைக்கும் பெரிய எண்ணைப் பெரிய எழுத்தில் போடுவது வழக்கமாக இருக்கிறது. ஏழு பேரும் அமர்ந்திருக்கும்போது எஞ்சும் இடத்தை அதே அளவு எழுத்தில் போடவேண்டும் என்று அரசு விதிக்கலாம்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், முன்புறத் தடுப்புகள் குறித்துத் தெளிவுபடுத்தியதுபோல, கேரியர் குறித்தும் ஒரு சுற்றறிக்கை வெளியிடவேண்டும். உற்பத்தியாளர் அனுமதித்த இடத்தில், அனுமதித்த எடைக்குள், கழற்றக்கூடிய வகையில் பொருத்தினால் குற்றமில்லை. துளைத்தும் பற்றவைத்தும் பொருத்தினால் குற்றம் என்று நான்கு வரியில் சொல்லிவிடக்கூடிய விஷயம் இது. சந்தையில் எடையும் தாங்குதிறனும் குறிப்பிடப்படாமல் விற்கப்படும் கேரியர்களுக்குத் தர அளவீடு ஒன்றை வகுப்பதும் அவசியம். நீளத்தை மட்டும் அளக்கும் வரி, எத்தகைய கார்களை உருவாக்கியிருக்கிறது என்பதை நிதியமைச்சகமும் எண்ணிப்பார்க்கவேண்டும்.

அதுவரை, ஷோரூமுக்குச் செல்லும் குடும்பங்கள் செய்யக்கூடிய எளிய காரியம் ஒன்று உண்டு. தொடுதிரையின் அளவையும் சன்ரூஃபின் அகலத்தையும் கேட்பதற்கு முன், வீட்டிலிருந்து இரண்டு பெட்டிகளை எடுத்துச் சென்று, எல்லோரும் காருக்குள் அமர்ந்து, பின்கதவை மூடிப் பார்க்கட்டும். கதவு மூடினால் கூரைக்கு வேலையில்லை. மூடாவிட்டால், வாங்கப்போவது எத்தனை பேருக்கான கார் என்பதை விற்பனையாளரிடம் மீண்டும் ஒருமுறை கேட்கட்டும். ஏற்கெனவே கார் வைத்திருப்பவர்கள், பண்டிகை முடிந்து ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமையில் அரைமணி நேரம் ஒதுக்கிக் கேரியரைக் கழற்றி வைத்தால் போதும். அந்த அரைமணி நேரத்துக்கு ஆண்டுக்கு நான்காயிரம் ரூபாய் கூலி கிடைக்கிறது.